ஜப்பானியப் பள்ளியில் விளையாட்டு விழா: புதிதாகச் சேர்ந்த துணை ஆசிரியருக்கு

ஏ.எல்.டி. எனப்படும் துணை ஆங்கில ஆசிரியராக ஜப்பானுக்குப் போகிறவர்களிடம் பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றிக் கேட்டால், “சும்மா வந்து நில்லுங்க, ஜாலியா இருக்கும்” என்பதுதான் அநேகமாகக் கிடைக்கும் பதில். அதை நம்பிக் காலை எட்டு மணிக்குப் போய் இறங்கினால், மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு மணி நேரமாக வியர்வை வழிய வேலை செய்துகொண்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். அங்கே இது பாடத்திட்டத்துக்குள் வரும் பள்ளி நிகழ்ச்சி. நிமிடக் கணக்கில் திட்டம் போட்டு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் எழுதிவைத்து நடத்துவார்கள். உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடக்கப் பள்ளியில் இதை உந்தோகாய் என்பார்கள். நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் தாயிகுசாய். மே கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை ஒரு பருவம், செப்டம்பர், அக்டோபர் இன்னொரு பருவம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அக்டோபர் 10-ஐ ஒட்டி விளையாட்டு நாள் என்று ஒரு தேசிய விடுமுறை உண்டு. இப்போது அது அக்டோபர் இரண்டாவது திங்கள். பள்ளி விழாவும் அன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். தேதியைப் பள்ளியே முடிவு செய்கிறது. ஏப்ரலில் தரும் ஆண்டு அட்டவணையில் இருக்கும்.

தேதி, சம்பளம், விடுமுறை

விழா பெரும்பாலும் சனிக்கிழமை. அதற்கு ஈடாகத் திங்கள் விடுமுறை. சனியன்று மழை என்றால் ஞாயிறு. ஞாயிறும் கெட்டால் வார நாளுக்குத் தள்ளுவார்கள். இங்கேதான் துணை ஆசிரியர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துவர 1987-இல் தொடங்கிய ஜெட் என்னும் ஜப்பான் அரசுத் திட்டத்தின் வழியாகவோ நகரக் கல்வி வாரியம் நேரடியாக நியமித்தோ வந்தவர்கள், சனிக்கிழமை வந்தால் வேறொரு நாள் விடுப்பு உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக வந்தவர்களின் ஒப்பந்தத்தில் சனிக்கிழமையே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பள்ளியோடு நீங்களாகப் பேசி முடிக்காமல் நிறுவனத்திடம் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் கணக்கில் வராத நாளில் வந்து கணுக்கால் பிசகினால், மருத்துவச் செலவு யார் தலையில் விழும் என்பது பெரிய தகராறாகிவிடும்.

கேட்க வேண்டியவர் துணைத் தலைமையாசிரியர், அதாவது க்யோதோ சென்செய். தலைமையாசிரியரிடம் போகாதீர்கள், நடைமுறை எல்லாம் க்யோதோ சென்செய் கையில். நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வர வேண்டும், மழை பெய்தால் எனக்கு யார், எப்படித் தகவல் சொல்வார்கள், சனி தள்ளிப்போனால் அன்று வகுப்பு உண்டா, ஈடு விடுப்பு எந்த நாள். மூன்றாவது கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சில பள்ளிகளில் விழா தள்ளிப்போன சனிக்கிழமை சாதாரண வகுப்பு நடக்கும், பிள்ளைகள் புத்தகப் பையும் சோற்றுப் பெட்டியுமாக வந்து நிற்பார்கள். மழை முடிவைக் காலை ஆறு மணி வாக்கில் எடுத்துப் பெற்றோருக்குச் செயலியிலோ மின்னஞ்சலிலோ அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் துணை ஆசிரியர் பெயர் விட்டுப்போவது சகஜம். சில ஊர்களில் விழா உண்டு என்பதற்கு அடையாளமாக அதிகாலையில் வாணவெடி போடும் வழக்கமும் இருக்கிறது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

அந்தக் காகிதக் கட்டு

விழாவுக்குச் சில வாரம் முன்பு ஆசிரியர் கூட்டத்தில் ஜிஷ்ஷி யோகோ என்ற திட்ட அறிக்கை வரும். பல பக்கம், முழுக்க ஜப்பானிய மொழி. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மூன்றை மட்டும் தேடுங்கள்: நிகழ்ச்சி வரிசை, மைதான வரைபடம், வேலைப் பங்கீட்டு அட்டவணை. அட்டவணையில் உங்கள் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் இருக்கும், கண்டுபிடிப்பது எளிது. அதை மார்க்கரால் கோடிட்டு, எந்தெந்த நிகழ்ச்சிக்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரே இல்லையென்றால் உடற்கல்விப் பொறுப்பாசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். மொழி அதிகம் தெரியாதவருக்கு இரண்டு வேலைகள் பொருத்தம்: பொருள்களை எடுத்துவைக்கும் யோகு, ஓட்ட முடிவில் நிற்கும் கெஷ்ஷோ. ஒலிபெருக்கி வேண்டாம். ஓட்டம் தொடங்கிவைக்கும் வேலையும் வேண்டாம். அதற்குரிய சொற்களை உரிய இடைவெளியில் சொல்லித் துப்பாக்கியை அழுத்த வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஆறு பிள்ளைகள் திரும்பிப் போய் நிற்க வேண்டியதுதான்.

ஒத்திகை வாரங்கள்

இந்த நாள்களில் வகுப்பு அட்டவணை கலைந்துபோகும். ஆங்கில வகுப்பு சொல்லாமல் கொள்ளாமல் ரத்தாகும். தினமும் காலையில் ஆசிரியர் அறைக் கரும்பலகையைப் பார்ப்பதுதான் வழி. வகுப்பு இல்லையென்று மேசையில் உட்கார்ந்திருக்காமல் மைதானத்துக்குப் போங்கள். அங்கே காதில் விழும் கட்டளைகள் பத்துக்குள்தான். கியோட்ஸுகே என்றால் அட்டென்ஷன். யாசுமே என்றால் தளர்ந்து நிற்பது. ரேய் என்றால் குனிந்து வணக்கம். மாயே நாராயே என்றதும் வரிசையில் எல்லோரும் இரு கையையும் முன்னால் நீட்டி இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். முன்னால் யாரும் இல்லாத முதல் பிள்ளை மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொள்ளும். நாவோரே என்றால் கை இறங்கும். சின்ன வகுப்பு வரிசையை நிமிர்த்தும்போது நீங்கள் தேட வேண்டியதும் அந்த இடுப்பில் கை வைத்த பிள்ளையைத்தான். அது சரியாக நின்றுவிட்டால் பின்னால் உள்ளவை தானாக வந்து சேரும்.

ராஜியோ தாய்ஸோ என்னும் வானொலி உடற்பயிற்சியைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 1928-இல் தொடங்கியது, இப்போது எல்லோரும் செய்யும் முதல் தொகுதி 1951-இல் வந்தது. 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஆசிரியர்களும் பெற்றோரும் குழந்தை வயதிலிருந்தே செய்து பழகியவர்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். புதியவர் தடுமாறுவது எட்டாவது அசைவில்: கை தோளுக்கு, மேலே, மறுபடி தோளுக்கு, கீழே என்று சட்டென்று மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கவாட்டு அசைவுகளைப் பிள்ளைகள் இடப்பக்கம் தொடங்குவார்கள். அவர்களுக்கு எதிரே நின்று செய்கிற ஆசிரியர் கண்ணாடிபோல் வலப்பக்கம் தொடங்க வேண்டும். உங்களை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தப்போகிறார்கள் என்று முழு ஒத்திகை நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முந்தின நாள்

ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பிற்பகலில் மைதானத்தைத் தயார் செய்வார்கள். தொம்போ என்னும் டி வடிவ மரப்பலகையால் மணலைச் சமன் செய்வது முதல் வேலை. பிறகு கோடு. கோடு போடும் வண்டிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி நம் ஊர் நீற்றுச் சுண்ணாம்பு இல்லை, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நீற்றுச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கும்படி 2007-இல் கல்வி அமைச்சகம் பள்ளிகளுக்குச் சொன்னது. ஆனாலும் கிடங்கின் மூலையில் பழைய மூட்டை கிடக்கலாம். வண்டியில் பொடி நிரப்பச் சொன்னால் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பையின் வாயைத் தாழப் பிடித்துக் கொட்டுங்கள். போட்ட கோட்டின் மேல் நடப்பதைப் போன்ற பாவம் அன்றைக்கு வேறில்லை. பிள்ளைகள்கூடத் தாண்டித்தான் போவார்கள்.

கூடாரம் பெரும்பாலும் ஆறு கால் வைத்தது. கால்களை மடக்கிய நிலையில் கூரைக் குழாய்களைத் தரையிலேயே கோத்து, துணியைப் போர்த்திக் கட்டிவிட்டு, ஒரு பக்கத்து மூன்று காலை முதலில் நிமிர்த்துவார்கள், பிறகு மறுபக்கம். “ஸே... நோ!” என்ற குரலுக்கு எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒருவர் முந்தினால் குழாய் இணைப்பில் இன்னொருவர் விரல் நசுங்கும். கையைக் குழாயின் நடுவில் வையுங்கள், மூட்டில் வைக்காதீர்கள். காற்றடித்தால் கூடாரம் பறக்கும். ஆகையால் ஒவ்வொரு காலிலும் எடைக்கட்டியோ மணல் மூட்டையோ கட்டியிருக்கிறதா என்று மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

பெரிய உருட்டுப் பந்து இருந்தால் அதை ஊதிப் பார்த்து ஓர் இரவு விட்டுவைப்பார்கள். காலையில் காற்றிறங்கிக் கிடந்தால் ஓட்டை எங்கே என்று தேட நேரம் வேண்டுமே.

உடுப்பும் சாப்பாடும்

டிராக் சூட், டி-ஷர்ட் அல்லது போலோ சட்டை, காலில் ஓடும் ஷூ, அகல விளிம்புத் தொப்பி, கழுத்தில் துண்டு. கட்டடத்துக்குள் போக உவாபாகி எனப்படும் உள் காலணி தனி. அன்று பத்துத் தடவையாவது மாற்ற வேண்டிவரும், ஆகையால் நாடா கட்டும் வகை வேண்டாம். கூலிங் கிளாஸ் போடலாமா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். சென்னை வெயில் பார்த்த உடம்பு என்ற தைரியமும் வேண்டாம். ஜூனிலும் செப்டம்பரிலும் ஈரப்பதம் கூடி, நிழலே இல்லாத மணல் தரையில் ஆறு மணி நேரம் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். இரண்டு லிட்டராவது தண்ணீரோ முகிச்சா என்னும் வாற்கோதுமைத் தேநீரோ கொண்டுபோங்கள், உப்பு மாத்திரையோ உப்பு மிட்டாயோ சேர்த்து.

பள்ளிச் சாப்பாடு அன்று இருக்காது. ஆசிரியர்களுக்கு மொத்தமாகப் பெட்டிச் சோறு வரவழைப்பதுண்டு, காசு நம்முடையது. சைவம் சாப்பிடுகிறவர்கள் அதில் பெயர் கொடுக்காமல் இருப்பதே நல்லது. பொரித்த கோழியை ஒதுக்கிவிட்டாலும், காய்கறியை வேகவைத்த நீரில் மீன் சாறு இருக்கும். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், வெயிலிலும் சீக்கிரம் கெடாது. கொரோனாவுக்குப் பிறகு பல பள்ளிகள் விழாவை அரை நாளாகச் சுருக்கிவிட்டன. அங்கே சாப்பாடு வீட்டுக்குப் போய்த்தான்.

விழா நாள்

ஆசிரியர்கள் ஏழு மணி வாக்கில் வந்துவிடுவார்கள். இரவு மழை பெய்திருந்தால் இன்னும் முன்பே. தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிந்து, பள்ளத்தில் காய்ந்த மணலைப் போடுவார்கள். ஒரு வாளியும் ஸ்பாஞ்சும் எடுத்துக்கொண்டு நீங்களும் குந்துங்கள். அன்றைய நாளில் உங்களைப் பற்றி நல்லபடியாகப் பேசப்படப்போவது இந்த ஒன்றுக்காகத்தான் இருக்கும்.

பிள்ளைகள் வகுப்பறை நாற்காலிகளைத் தாங்களே தூக்கிவந்து போடுவார்கள். சிவப்பு அணி, வெள்ளை அணி என்று இரண்டு. பழங்கால கென்ஜி, ஹெய்கே குலங்களின் போரில் வந்த நிறங்கள் இவை. தலையில் இருக்கும் தொப்பியைத் திருப்பிப் போட்டால் நிறம் மாறும். உங்களுக்கு ஒரு நிறம் கொடுத்தால் அந்தப் பக்கம் கத்துங்கள், கொடுக்காவிட்டால் இரண்டு பக்கமும் “கம்பாரே!” (விடாதே, முயற்சி செய்) சொல்லுங்கள். அணிவகுப்பு, கொடியேற்றம், பள்ளிப் பாடல், தலைமையாசிரியர் பேச்சு, சென்ற ஆண்டு வென்ற அணி கொடியைத் திருப்பித் தருவது, உறுதிமொழி, உடற்பயிற்சி என்று தொடக்கம் போகும். அதுவரை அசையாமல் நிற்பதுதான் வேலை.

கெஷ்ஷோ கொடுத்திருந்தால் கவனமாகப் படியுங்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். நீங்கள் மூன்றாம் இடம் என்றால் மூன்றாவதாக வரும் பிள்ளையை மட்டும் பாருங்கள். முதலில் யார் வருகிறது என்று வேடிக்கை பார்த்தால் மூன்றும் நான்கும் ஒன்றாக உள்ளே வந்து, யார் யாரென்று தெரியாமல் போகும். கோட்டின் மேல் நிற்காதீர்கள். நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஓடி வரும் வேகம் குறைய இடம் வேண்டும். முதுகில் லேசாகக் கை வைத்து “3” என்று எழுதிய கொடிக்குப் பின்னால் உட்காரவையுங்கள். நூலிழை வித்தியாசம் என்றால் தீர்ப்பு சொல்லாமல் தலைமை நடுவரைப் பாருங்கள். முடிவு நாடா பிடிப்பவர் இறுகப் பிடிக்கக் கூடாது. நெஞ்சில் பட்டதும் ஒருவர் விட்டுவிட வேண்டும், உடனே இழுத்துச் சுருட்டவும் வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிறவர் காலில் சுற்றும்.

ரிலேயில் பேட்டன் மாற்றும் இடத்தில் நிற்கச் சொன்னால் ஒரே விதிதான்: எதிர்ப்புற வளைவை எந்த அணி முன்னால் கடக்கிறதோ, அதன் அடுத்த ஓட்டக்காரருக்கு உள்பக்க இடம். இரண்டாவதாகக் கடப்பவருக்கு அதற்கு வெளியே. இப்படியே வரிசை. ஓட்டக்காரரைப் பார்த்து நிறங்களைச் சொல்லிப் பிள்ளைகளை இடம் மாற்றி நிறுத்த உங்களுக்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும். வரிசை முடிந்ததும் கடைசி நேரத்தில் யாரையும் நகர்த்தாதீர்கள். மோதல் எல்லாம் அப்போதுதான் நடக்கிறது. தோளில் குறுக்குப் பட்டை அணிந்திருப்பவர் அங்கா, கடைசி ஓட்டக்காரர். மற்றவர்கள் அரைச் சுற்று ஓடினாலும் அங்கா பெரும்பாலும் முழுச் சுற்று ஓடுவார்.

உயரமானவரைக் கண்டால் தாமாயிரே விளையாட்டில் கூடைக் கம்பத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். கீழிருந்து இரு அணிப் பிள்ளைகளும் தங்கள் கூடைக்குத் துணிப்பந்து எறிவார்கள். பாதி உங்கள் தலையில் விழும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை அகட்டி, கம்பத்தைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பரிதாபப்பட்டுச் சாய்த்துக் கொடுப்பது பெற்றோர் கண்ணுக்கு உடனே தெரியும். எண்ணும்போது ஒலிபெருக்கி சொல்லும் எண்ணுக்கு ஒரு பந்து, உயரே தூக்கி எறிய வேண்டும். இரு அணியும் ஒரே தாளத்தில். உங்கள் கூடை முதலில் காலியானால் கையை விரித்துக் காட்டிவிட்டு நில்லுங்கள்.

புயலின் கண் என்ற ஓட்டத்தில் மூன்று முதல் ஐந்து பிள்ளைகள் ஒரு நீளக் கம்பைப் பிடித்துக் கூம்புகளைச் சுற்றி ஓடுவார்கள். திரும்பி வந்ததும் கம்பை வரிசையின் காலடியில் செலுத்த, எல்லோரும் குதிப்பார்கள். பிறகு தலைக்கு மேலே, எல்லோரும் குனிவார்கள். கம்பு தரையை ஒட்டிப் போகாமல் முழங்கால் உயரம் போனால்தான் அடி படுகிறது. பக்கத்தில் நிற்கிறவர் “தாழ, தாழ” என்று கையால் காட்டிக்கொண்டே ஓட வேண்டும்.

வடமிழுத்தலில் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளும் பிள்ளையைத் தேடி அவிழ்த்துவிடுங்கள். முடிவு வெடி கேட்டதும் ஜெயித்த பக்கம் கயிற்றைப் பட்டென்று விட்டால் மறுபக்கம் மல்லாந்து விழும். மெதுவாகத் தரையில் வைக்கச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. மூன்று பேர் சுமக்க ஒருவர் மேலேறித் தொப்பி பறிக்கும் குதிரைப் போர் நடந்தால், ஒதுக்கிய குதிரையின் பின்னாலேயே கையை விரித்துப் போங்கள். தொப்பி பறிபோவதைப் பார்க்காமல் மேலே இருப்பவரின் இடுப்பைப் பாருங்கள். மனிதக் கோபுரங்கள் இப்போது அருகிவிட்டன. தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2016-இல் விளையாட்டு முகமை, பாதுகாப்பு உறுதியில்லாவிட்டால் வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

ஆசிரியர் ரிலேயில் உங்களை இழுத்துவிடுவது அநேகமாக உறுதி. மணல் தரையில் வளைவில் முழு வேகம் போடாதீர்கள். பத்து நிமிடம் முன்பே கெண்டைக்காலை நீட்டி உடம்பைச் சூடாக்குங்கள். ஆண்டுக்கு ஒருநாள் ஓடுகிறவர்களுக்கு அறுந்துபோவது குதிகால் தசைநாண்தான்.

வெப்பமும் புகைப்படமும்

சுகாதார ஆசிரியர் கையில் வெப்ப அளவி இருக்கும். அது காட்டும் எண் வெயிலின் டிகிரி இல்லை. ஈரப்பதமும் வெயிலும் சேர்த்த குறியீடு. 28-ஐத் தாண்டினால் கடும் எச்சரிக்கை, 31-ஐத் தாண்டினால் உடற்பயிற்சியை நிறுத்துவது பொது விதி. பேச்சு நின்று, முகம் வெளுத்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து உட்காரும் பிள்ளையைக் கண்டால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் கைத்தாங்கலாக முதலுதவிக் கூடாரத்துக்குக் கூட்டிப்போங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.

செல்பேசியை ஆசிரியர் அறையில் வைத்துவிடுவது உத்தமம். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது, நண்பர்களுக்கு மட்டும் என்றாலும், வேலைக்கே உலை வைக்கும்.

முடிந்த பிறகு

மதிப்பெண் பலகையை இறுதிக் கட்டத்தில் மூடிவைத்து, கடைசியில்தான் திறப்பார்கள். தோற்ற அணியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவார்கள். அது அவர்களுக்குத் தொடக்கப் பள்ளியில் கடைசி விழா. கிண்டலாக எதுவும் சொல்ல வேண்டாம். நாற்காலி உள்ளே போகுமுன் அதன் கால்களை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கதவருகே ஒரு துணியோடு உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு உதவுங்கள். கூடாரத்தைப் பிரிக்கையில் துணி ஈரமாக இருந்தால் மடித்துவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். எங்கே காயப்போடுவது என்று கேளுங்கள். எதிர்ப்படுகிற எல்லோரிடமும் “ஓட்ஸுகாரே-சாமா தேஷ்தா” சொல்லுங்கள், உழைப்புக்கு நன்றி என்று பொருள்.

அன்று மாலையோ சில நாள் கழித்தோ இரோகாய் என்னும் ஆசிரியர் விருந்து உண்டு. பெயர் கொடுப்பது கட்டாயமில்லை, போனால் அறிமுகம் கூடும். தலைக்கு ஐயாயிரம் யென் பக்கம் வரலாம். குடிக்காதவருக்கும் பல இடங்களில் அதே தொகைதான். மது வேண்டாம், மீனும் இறைச்சியும் வேண்டாம் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அன்று மாலை களைத்துப்போய் வரவில்லை என்றாலும் பணத்தை உறையில் போட்டுத் திங்கள் விடுமுறை முடிந்த செவ்வாய்க் காலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.